ஆப்பரேட்டர் பதில்கள்: கையுறை எங்கே விழுந்தது?

(புரொஜெக்டருக்குக் கார்பன் குச்சி எரித்து வெளிச்சம் தந்த காலத்தில் தொடங்கி டிஜிட்டல் வரும்வரை சேலத்தில் படம் ஓட்டியவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார். போன இதழில் அவர் போகிறபோக்கில் 'டிரெஸ்டு டு கில்' என்ற 1980ஆம் ஆண்டு ஆங்கிலப் படத்தைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தார். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதைப் பற்றித்தான்.)

நீங்கள் சொன்னதால் 'டிரெஸ்டு டு கில்' பார்த்தேன். குளியலறை, கத்தி, பாதியில் சாகிற கதாநாயகி, எல்லாமே 'சைக்கோ'. படத்தை எடுத்த பிரையன் டி பால்மா ஹிட்ச்காக்கைக் காப்பியடித்துச் சுட்டுவிட்டார், அவ்வளவுதானே?
*- கல்லூரி மாணவர், அஸ்தம்பட்டி*

சுட்டார் தம்பி. பட்டப்பகலில், எல்லோரும் பார்க்கும்போதே சுட்டார். அதனால்தான் அவர்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை.

ஹிட்ச்காக் 1960இல் 'சைக்கோ' எடுத்தபோது கதாநாயகி ஜேனட் லீயைப் படம் பாதி ஆவதற்குள் குளியலறையில் கொன்றார். திரையில் ஒரு நிமிடம்கூட ஓடாத அந்தக் கொலைக்கு ஒரு வாரம் படப்பிடிப்பு, எழுபதுக்கு மேற்பட்ட கோணங்கள். பெரிய நடிகையை இப்படி நடுவழியில் கழற்றிவிடுவார் என்று சீட்டு வாங்கி உட்கார்ந்தவன் எவனும் நினைத்திருக்க மாட்டான். படம் ஆரம்பித்தபிறகு யாரையும் உள்ளே விடக்கூடாது என்று தியேட்டர்காரர்களுக்கு ஹிட்ச்காக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நம் ஊரில் அந்த உத்தரவு போட்டிருந்தால் கலவரம் ஆகியிருக்கும். நியூஸ் ரீல் முடிந்து, டைட்டிலும் முடிந்து, கதாநாயகன் தலை தெரிகிறபோதுதான் நம் ஆட்கள் சோடா பாட்டிலைக் கீழே வைப்பார்கள்.

இருபது வருடம் கழித்து டி பால்மா வருகிறார். அதற்குள் குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டாலே உலகம் முழுக்க ரசிகனுக்குக் கத்தி ஞாபகம் வந்துவிடுகிறது. அவர் படத்தை ஆரம்பிப்பதே குளியலறையில்தான். கதாநாயகி ஏஞ்சி டிக்கின்சன் குளிக்கிறார், நாம் கத்தி எப்போது வரும் என்று உட்கார்ந்திருக்கிறோம். பின்னாலிருந்து ஒரு கை வந்து வாயைப் பொத்துகிறது. அடுத்த ஷாட்டில் அவர் கணவன் பக்கத்தில், கட்டிலில். வந்ததெல்லாம் அவர் மனத்துக்குள் ஓடிய காட்சி. உண்மையான கொலை பிறகு வருகிறது, தண்ணீரே இல்லாத இடத்தில், ஒரு லிஃப்டுக்குள். நம் ஞாபகத்தை வைத்தே நம்மை ஏமாற்றுகிறார். 'சைக்கோ' பார்க்காதவனுக்கு இந்தப் படம் பாதிதான் வேலை செய்யும்.

இன்னொன்று. 'சைக்கோ'வின் வயலின் அலறலைப் போட்ட பெர்னார்ட் ஹெர்மன், 'சிஸ்டர்ஸ்', 'அப்செஷன்' என்று டி பால்மாவின் இரண்டு படங்களுக்கு இசையமைத்தவர். குருநாதரின் கச்சேரி ஆளையே கூட்டிவந்து வாசிக்க வைத்தவரைத் திருடன் என்று எப்படிச் சொல்வது? ஹெர்மன் 1975 டிசம்பரில் இறந்துபோனார். அதனால் 'டிரெஸ்டு டு கில்' இசை இத்தாலிக்காரர் பினோ டொனாஜியோவுக்குப் போனது. ஹிட்ச்காக் 1980 ஏப்ரல் 29இல் காலமானார். இந்தப் படம் அமெரிக்காவில் வெளியானது அதே ஆண்டு ஜூலையில்.

அப்புறம், சுடாத சரக்கும் படத்தில் இருக்கிறது. செத்துப்போன அம்மாவுக்காக ஒரு பையன் தானே கேமராவைத் தயார்செய்து, அம்மா போய்வந்த மனநல டாக்டர் வீட்டுக்கு யார் யார் வந்து போகிறார்கள் என்று படம் பிடிக்கிறானே, அது டி பால்மாவின் சொந்தக் கதையிலிருந்து வந்தது. அவருடைய அப்பா எலும்பு அறுவை மருத்துவர். அப்பாவுக்கு வேறு தொடர்பு இருப்பதாகச் சந்தேகப்பட்டு, பள்ளி வயதில் அவரைப் பின்தொடர்ந்து கண்காணித்ததாக டி பால்மாவே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஒளிந்திருந்து பார்க்கிற புத்தியை ஹிட்ச்காக்கிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற அவசியம் அவருக்கு இருக்கவில்லை.

இந்தப் படத்தைக் குடும்பத்தோடு பார்க்கலாமா?
*- குடும்பத் தலைவர், கொண்டலாம்பட்டி*

பார்க்கலாம். தண்ணீர் குடிக்க முதலில் எழுந்து போகப்போவது யார் என்பதில் நல்ல சஸ்பென்ஸ் இருக்கும்.

மியூசியம் காட்சியை ஆகா ஓகோ என்கிறார்கள். ஒரு பெண் நடக்கிறாள், ஓர் ஆள் நடக்கிறான். இதில் என்ன இருக்கிறது?
*- வெள்ளிப் பட்டறைக்காரர், செவ்வாய்ப்பேட்டை*

படத்தில் உடம்பைக் காட்டுகிற காட்சிகளை விட்டுவிடுங்கள். எனக்கு மூச்சு முட்டியது யாரும் ஒரு பொத்தானைக்கூடக் கழற்றாத இந்த இடத்தில்தான். ஒரு கையுறை மட்டும் கழன்று விழுகிறது.

ஏஞ்சி டிக்கின்சன் மியூசியத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, வீட்டுக்கு வாங்கவேண்டிய சாமான்களை டைரியில் குறிக்கிறார். நிமிர்ந்து சுற்றுமுற்றும் பார்க்கிறார். ஒரு ஜோடி, ஒரு குழந்தை, சுவரில் படங்கள். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவன் பக்கத்தில் வந்து உட்காருகிறான். இவர் லேசாகச் சிரிக்கிறார். அவன் கண்டுகொள்ளவில்லை. இவர் கையுறையைக் கழற்றுகிறார், கல்யாண மோதிரம் தெரிகிறது. அவன் எழுந்து போய்விடுகிறான்.

இவர் பின்னால் போகிறார். அங்கேதான் ஆரம்பம். ஓர் அறை, அடுத்த அறை, ஒரு திருப்பம். கேமரா அவரோடு வழுக்கிக்கொண்டே போகிறது. அவன் முன்னால் இருக்கிறான் என்று நினைத்தால் பின்னால் வருகிறான். யார் யாரைத் துரத்துவது என்று அந்த அம்மாவுக்கும் தெரியவில்லை, நமக்கும் தெரியவில்லை. திடீரென்று தோளில் ஒரு கை விழுகிறது. கையில் அவருடைய கையுறை! எங்கேயோ விழுந்ததை அவன் எடுத்து மாட்டியிருக்கிறான். இவர் பதறி விலகிப் போய்விடுகிறார், அப்புறம்தான் விஷயம் உறைக்கிறது. தேடிக்கொண்டு வெளியே வந்தால் ஒரு டாக்ஸி ஜன்னலிலிருந்து அந்தக் கையுறை ஆடுகிறது. இவ்வளவுக்கும் வசனம் என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. வயலின்களும் முகமும்தான்.

இதுவும் குருநாதர் வீட்டுச் சரக்குதான். 1958இல் வந்த 'வெர்ட்டிகோ'வில் கிம் நோவாக் ஒரு மியூசியத்தில் ஓவியத்துக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்திருப்பார். ஜேம்ஸ் ஸ்டூவர்ட் தள்ளி நின்று பார்ப்பார். அங்கே நாம் ஆணுடைய கண்ணோடு நிற்கிறோம். டி பால்மா நம்மைத் தூக்கிப் பெண் பக்கம் உட்கார வைத்துவிட்டார். ஆசை அவளுடையது, வெட்கமும் அவளுடையது, கையுறையைத் தவறவிட்ட பதற்றமும் அவளுடையது. ஒரே மியூசியத்தில் இந்தப் பக்கம் இருந்த நாற்காலியை அந்தப் பக்கம் போட்டார் என்றால், அதற்குப் பெயர் காப்பியா என்ன?

ஒரு கொசுறு: கதைப்படி அது நியூயார்க் மியூசியம். உட்புறத்தை எடுத்தது ஃபிலடெல்ஃபியாவில்.

மொபைலில் பார்த்தேன். அப்படி ஒன்றும் பயமாக இல்லையே?
*- சூரமங்கலம் வாசகர்*

அது அகலத் திரைக்காக எடுத்த படம். டி பால்மா ஃபிரேமின் ஒரு மூலையில் முகத்தை வைத்துவிட்டு, எதிர் மூலையில் சங்கதியை வைப்பவர். நான் முதலில் பார்த்தது வீடியோ கேசட்டில். டிவி பெட்டிக்காக இரண்டு பக்கமும் வெட்டி, நடுத்துண்டை மட்டும் காட்டினார்கள். முகம் இருந்தது, சங்கதியைக் காணோம். பெரிய திரையில்லாவிட்டாலும் பரவாயில்லை, ஃபோனைப் படுக்கப் போட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

எங்கள் அப்பா காலத்தில் சேலத்தில் காலைக் காட்சி ஆங்கிலப் படங்களுக்குப் பெரிய கூட்டமாம். 'பிட்' ஒட்டுவார்களாமே, உண்மையா? நீங்கள் ஒட்டியிருக்கிறீர்களா?
*- பெயர் வேண்டாம், நாலு ரோடு*

கூட்டம் உண்மை. படத்துக்கு நடுவே ஆபாசத் துண்டு செருகுகிற பிட்டும் உண்மை. எந்தத் தியேட்டர், யார் முதலாளி என்பதெல்லாம் வேண்டாம்.

எப்படி நடக்கும் என்று மட்டும் சொல்கிறேன். படப்பெட்டியோடு விநியோகஸ்தரின் ஆளான ரெப் வருவார். அவர் சட்டைப்பையில், ஒரு சுருட்டு மாதிரி சுருட்டி ரப்பர் பேண்டு போட்ட ஃபிலிம் துண்டு இருக்கும். வேறு ஏதோ படம், வேறு ஏதோ தேசம், வேறு ஏதோ பெண். "மூணாவது ரீல் நடுவுல போட்டுடுண்ணே" என்பார். ஓடுகிற ரீலை வெட்டி, ஓரத்து எமல்ஷன் பூச்சைச் சுரண்டி, ஃபிலிம் சிமெண்டு என்ற பசையைத் தடவி, கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்கவேண்டும். அந்த சிமெண்டு வாசனை சோறு பிசையும்போதுகூட விரலில் இருக்கும். கேட்டீர்கள் என்பதால் சொல்கிறேன், ஒட்டியிருக்கிறேன். ஆப்பரேட்டர் சம்பளக்காரன்.

ஆனால் புரொஜெக்டர் அறை ஓட்டைக்குப் பின்னால் நின்று பார்த்தவன் என்பதால் ஒன்று தெரியும். பிட் ஓடுகிறபோது அரங்கில் ஊசி விழுந்தால் கேட்கும். முடிந்த அடுத்த நிமிடம் கால்வாசிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். கதாநாயகி கதவைத் திறக்கப்போகிறாள், கதவுக்குப் பின்னால் கொலைகாரன் நிற்கிறான், அதைப் பார்க்க ஆள் இல்லை! நல்ல மர்மப் படம் ரீல் ரீலாகச் சேர்த்துவைத்த பதற்றத்தை அந்தச் சுருட்டு ஒரு நிமிடத்தில் செலவழித்துவிடும். டி பால்மா படத்தில் தோலும் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் அது எதையோ நிறுத்திவைக்கிறது, எதற்கோ காத்திருக்க வைக்கிறது. முதல் குளியலறைக் காட்சியில் சில நெருக்கக் காட்சிகளுக்கு ஏஞ்சி டிக்கின்சனுக்குப் பதில் வேறொரு பெண்தான் நின்றார். நமக்கா அது தெரிந்தது? தெரிந்த பிறகும் பயம் குறையவில்லை.

வெட்டு என்பது அமெரிக்காவிலும் உண்டு. இந்தப் படத்துக்கு அங்கே முதலில் 'எக்ஸ்' என்கிற, பெரியவர்களுக்கு மட்டுமான சான்றிதழ் கிடைக்கும் நிலை. அது கிடைத்தால் பெரிய தியேட்டர் எதுவும் தொடாது என்பதால், சிலவற்றை வெட்டிக்கொடுத்து ஒரு படி கீழே உள்ள 'ஆர்' வாங்கினார்கள். வெட்டாத பிரதி பிறகு வெளியே வந்தது. இங்கே என்றால், சான்றிதழின் இடது கீழ் மூலையில் ஒரு முக்கோணம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்தப் படத்தில் சென்சார் கைவைத்திருக்கிறது என்று அர்த்தம். தியேட்டரில் அந்தக் காகிதம் ஓடுகிற நேரத்தில் நீங்கள் எல்லோரும் பாப்கார்ன் வாங்கிக்கொண்டிருப்பீர்கள்.

படத்தை முழுவதும் பார்த்தேன். ஆசைப்பட்ட ஒரு பெண்ணுக்கு நோய், பிறகு சவரக்கத்தி. போதாததற்குக் கொலையாளி பற்றிய அந்த விளக்கம். இதை எப்படி ரசிக்கிறீர்கள்?
*- பள்ளி ஆசிரியை, ஏற்காடு*

டீச்சர், கொலையாளி யார் என்று சொல்லாமல் இதற்குப் பதில் எழுத முடியாது. படம் பார்க்காதவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்.

முதலில் அந்த அம்மா. நீங்கள் சொல்வது சரி. ஒரு மத்தியானம் மனத்துக்குப் பிடித்தபடி இருந்தார், அதற்கு அவருக்குக் கிடைத்தது, அந்த ஆளுக்குப் பால்வினை நோய் என்று சொல்லும் மருத்துவக் கடிதமும் கத்தியும். இதில் ஒரு கொடுமை, அவர் மறந்துவிட்ட கல்யாண மோதிரத்தை எடுக்கத் திரும்பிப் போகும்போதுதான் சாகிறார். 'சைக்கோ'விலும் ஜேனட் லீ திருடிய 40,000 டாலரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்த பிறகுதான் குளிக்கப் போகிறார். இரண்டு பேரும் தப்பு செய்தபோது சாகவில்லை, திரும்ப நினைத்தபோது செத்தார்கள். ஹிட்ச்காக்கிடம் அது விதியின் கோணல் மாதிரி இருக்கிறது. டி பால்மாவிடம் தண்டனை வாடை அடிக்கிறது. படம் வந்தபோதே பெண்கள் அமைப்புகள் தியேட்டர் வாசலில் நின்று எதிர்ப்புத் தெரிவித்தன. அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது.

அதைவிட மோசம், அந்த மனநல மருத்துவர் விவகாரம். மைக்கேல் கெய்ன் செய்த டாக்டருக்குள் பெண்ணாக மாற நினைக்கிற இன்னொருவர் இருக்கிறார், அவர்தான் கொலை செய்கிறார் என்று படம் சொல்கிறது. திருநங்கையர் என்றால் கத்தியோடு அலைபவர்கள் என்று ஒரு படம் கற்றுக்கொடுத்தால், அதன் பலனை அனுபவிப்பவர் டி பால்மா கிடையாது, பஸ்ஸில் பக்கத்து சீட்டு காலியாகவே இருக்கும் யாரோ ஒருவர். இதில் எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், 'சைக்கோ' கடைசியில் ஒரு டாக்டர் வந்து விளக்கம் சொல்வாரே, அதில் ஒருவர் 'இவன் பெண்வேடம் போடுவதில் இன்பம் காண்கிறவனா' என்கிற மாதிரி கேட்கும்போது, அந்த டாக்டர் அப்படி இல்லை என்று பிரித்துச் சொல்வார். 1960இல் குருநாதர் காட்டிய நிதானத்தை 1980இல் சிஷ்யப்பிள்ளை காட்டவில்லை. கேமராவை எங்கே வைப்பது என்று அவ்வளவு கவனமாகப் படித்தவர் இந்த இடத்தைப் படிக்காமல் விட்டுவிட்டார்.

ரசிக்கிறேனா என்றால், மியூசியத்தையும் லிஃப்டையும் ரசிக்கிறேன். அந்த லிஃப்டின் வளைந்த கண்ணாடியில், கொலைக்குச் சாட்சியாக வரும் நான்சி ஆலன் கத்தியைப் பார்க்கிற நொடியைக் கைதட்டிப் பார்க்கிறேன். கடைசி விளக்கம் வரும்போது சத்தத்தைக் குறைத்துவிடுகிறேன்.

காமமும் கொலையும் கலந்த இந்த மாதிரிப் படத்துக்கும் நம் சேலத்துக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா? வம்புக்குக் கேட்கவில்லை.
*- கன்னங்குறிச்சி வாசகர்*

வம்புக்கே கேட்டாலும் பதில் உண்டு. ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டித்தானே வீட்டுக்குப் போகிறீர்கள்? டி.ஆர்.சுந்தரம் 1930களில் ஆரம்பித்த அந்த ஸ்டூடியோவிலிருந்து 1950இல் வந்த படங்களில் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்க இயக்குநருக்குப் பங்கு உண்டு. ஒன்று 'பொன்முடி', பாரதிதாசனின் 'எதிர்பாராத முத்தம்' காவியத்திலிருந்து எடுத்தது. காதல் காட்சிகளில் நெருக்கம் அதிகம் என்று அந்தக் காலத்தில் திட்டு வாங்கிய படம்.

இன்னொன்று 'மந்திரி குமாரி'. ஹிட்ச்காக் எப்போதும் ஓர் உதாரணம் சொல்வார்: மேசைக்கடியில் குண்டு இருப்பது நமக்குத் தெரிந்து, மேசையில் பேசிக்கொண்டிருப்பவர்களுக்குத் தெரியாவிட்டால் அதுதான் சஸ்பென்ஸ் என்று. அதை அப்படியே 'வாராய் நீ வாராய்' பாட்டில் வைத்துப் பாருங்கள். கணவன் மனைவியை மலை உச்சிக்கு அழைக்கிறான். திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் தேனாகப் பாடுகிறார்கள். கணவனாக வரும் எஸ்.ஏ.நடராஜன் முகத்தில் கொஞ்சல். ஆனால் அவன் எப்பேர்ப்பட்ட கொள்ளைக்காரன் என்பது நமக்குத் தெரியும். பாட்டு இனிக்க இனிக்க நமக்கு வயிறு கலங்குகிறது. உச்சிக்குப் போனதும் 'உன்னைக் கொல்லத்தான் கூட்டி வந்தேன்' என்கிறான். அவள் கடைசி ஆசையாகக் கணவனைச் சுற்றி வரவேண்டும் என்கிறாள். சுற்றி வந்தவள் பின்னாலிருந்து தள்ளிவிடுகிறாள். காதல் பாட்டு, கொலைத் திட்டம், திருப்பம், மூன்றும் ஒரே மலையில். செத்தவன் ஆம்பளை என்பதையும் கவனியுங்கள்.

1978இல் பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்' வந்தது. 'டிரெஸ்டு டு கில்' வந்த அதே 1980இல் இங்கே பாலு மகேந்திரா 'மூடுபனி' கொடுத்தார். இளையராஜாவுக்கு நூறாவது படம். அதுவும் 'சைக்கோ' வழி வந்ததுதான். கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே வருடத்தில் இரண்டு பேர் ஒரே ஆளுக்குக் கடன் தீர்த்திருக்கிறார்கள். எனக்கு எது பிடிக்கும் என்று கேட்காதீர்கள். பிரதாப் போத்தனின் அந்த முகத்துக்காக 'மூடுபனி' பக்கம் சாய்ந்துவிடுவேன்.

குருநாதரைப் பார்த்து டி பால்மா எடுத்ததில் அடுத்து எதைப் பார்க்கலாம்?
*- அம்மாப்பேட்டை வாசகர்*

1984இல் வந்த 'பாடி டபுள்'. 'ரியர் விண்டோ'வையும் 'வெர்ட்டிகோ'வையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டியிருப்பார். கொஞ்சம் தீய்ந்த வாசனையும் வரும். அதற்கு முன்னால் 1981இன் 'ப்ளோ அவுட்' பாருங்கள், படத்துக்குச் சத்தம் சேர்க்கிறவன்தான் கதாநாயகன். சினிமாவுக்குப் பின்னால் வேலை பார்க்கிற எங்கள் ஜாதி ஆளை ஹீரோவாக்கியதற்காகவே டி பால்மாவுக்கு ஒரு தட்டுவடை செட் வாங்கிக் கொடுப்பேன்.

ஏற்காட்டை வைத்து ஒரு காதல் த்ரில்லர் கதை வைத்திருக்கிறேன். கதாநாயகி பஸ்ஸில் மலையேறுகிறாள். அதே பஸ்ஸில் கொலைகாரனும் இருக்கிறான். இருபதாவது வளைவில் அது தெரியவருகிறது. எப்படி?
*- குறும்பட இயக்குநர், ஐந்து ரோடு*

யாருக்குத் தெரியவருகிறது? அவளுக்கா, நமக்கா? நமக்கென்றால் இருபதாவது வளைவுவரை எதற்குக் காத்திருக்கிறீர்கள்? இரண்டாவது வளைவிலேயே காட்டிவிடுங்கள். மிச்சம் பதினெட்டு வளைவும் உங்களுக்கு இலவசம். அவள் அவன் தோளில் தூங்கி விழட்டும். கண்டக்டர் சில்லறை கேட்டு அவனை எழுப்பட்டும். எதிரே காப்பி மூட்டை லாரி வந்து பஸ் பின்வாங்கட்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் உடம்பு அவன் மேல் சாயும், மலைப் பாதையே உங்களுக்காக நடிக்கும்.

பனியை நம்பிக் கதை எழுதாதீர்கள். ஷூட்டிங் அன்றைக்குப் பளிச்சென்று வெயில் அடிக்கும். சனி, ஞாயிறில் தேதி வைக்காதீர்கள், வளைவில் யூனிட் வண்டியை நிறுத்த இடமே கிடைக்காது.